உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்: பழைய பலகைகளைச் சேகரிப்பவரின் மதிப்பீடு

வண்டியின் எண்ணைத் தெளிவாகக் காட்ட வேண்டும், எளிதில் போலி செய்ய முடியாதபடி இருக்க வேண்டும் என்ற இரண்டு தேவைகளை வைத்துப் பார்த்தால், இந்தியச் சாலைகளில் இதுவரை ஓடிய நம்பர் பிளேட்டுகளில் எச்எஸ்ஆர்பி எனப்படும் உயர் பாதுகாப்புப் பதிவெண் பலகையே மிகச் சிறந்தது. பழைய நம்பர் பிளேட்டுகளைப் பல ஆண்டுகளாகத் தேடிச் சேர்த்து வருகிறவன் என்ற முறையில் இதை மனமாரவே சொல்கிறேன். ஆனால் பலகையின் தரத்துக்கும் அதை வண்டியில் பொருத்தித் தரும் சேவையின் தரத்துக்கும் பெரிய இடைவெளி இருக்கிறது. இந்தப் பலகை வந்ததால் கழற்றப்படும் பழைய பலகைகளைப் பற்றி எவரும் யோசிக்கவில்லை என்ற வருத்தமும் எனக்கு உண்டு. 2019-க்குப் பிறகு வாங்கிய என் காரில் விற்பனையாளரே பொருத்திக் கொடுத்த பலகையையும், 2011-இல் பதிவான என் ஸ்கூட்டருக்குப் பின்னாளில் பெங்களூரில் பதிவு செய்து பொருத்திக்கொண்ட பலகையையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் பலகையைக் கையில் எடுத்துப் பார்ப்போம். அடித்தகடு 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியம். அதன்மேல் ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும் பிரதிபலிப்புத் தாள் ஒட்டப்பட்டு, எழுத்துகள் அச்சில் அழுத்திப் புடைப்பாக எழுப்பப்பட்டிருக்கின்றன. புடைத்த முகப்பின் மேல் மட்டும் சூடான முத்திரை முறையில் கறுப்புப் படலம் ஏற்றப்பட்டிருக்கிறது. அந்தக் கறுப்பை வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பார்த்தால், 'இந்தியா' என்ற ஆங்கிலச் சொல் 45 பாகைச் சாய்வில் திரும்பத் திரும்ப ஓடுவது தெரியும். இடது மேல் மூலையில் 20 மில்லிமீட்டர் சதுரத்தில் அசோகச் சக்கர ஹாலோகிராம் இருக்கிறது. அதற்குக் கீழே நீல நிறத்தில் ஐஎன்டி என்ற மூன்று எழுத்துகள். இடது கீழ்ப்பகுதியில் லேசரால் பொறிக்கப்பட்ட அடையாளக் குறி. இந்தக் குறி ஒவ்வொரு பலகைக்கும் தனி. எந்தப் பலகை எந்த வண்டிக்குப் போயிற்று என்பதை அரசின் வாகனப் பதிவேட்டோடு இணைப்பது அதுதான். வெறும் எண்ணை மட்டும் பார்த்து ஒரு பலகையைச் செய்துவிட முடியாதபடி, பலகைக்கே ஒரு பதிவெண் கொடுத்திருப்பதுதான் இந்தப் பொருளின் மிகச் சிறந்த சிந்தனை என்று நினைக்கிறேன்.

வண்டிக்கு எண் இட வேண்டும் என்ற எண்ணம் தோன்றி நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. 1893 ஆகஸ்ட் 14 அன்று பாரிஸ் காவல் துறை வெளியிட்ட ஆணை, ஒவ்வொரு மோட்டார் வண்டியிலும் உரிமையாளரின் பெயர், முகவரி, அனுமதி எண் ஆகியவற்றைத் தகட்டில் எழுதி மாட்ட வேண்டும் என்றது. நியூயார்க் மாநிலம் 1901-இல் பலகையைக் கட்டாயமாக்கியபோது, உரிமையாளர்கள் தங்கள் பெயரின் முதலெழுத்துகளைத் தோல் துண்டில் உலோக எழுத்தாகப் பதித்துத் தாங்களே செய்து மாட்டிக்கொண்டார்கள். 1903-இல் மாசசூசெட்ஸ் மாநிலம்தான் இரும்பின் மேல் பீங்கான் பூச்சிட்ட, கருநீலப் பின்னணியில் வெள்ளை எண்கள் கொண்ட பலகைகளை அரசே செய்து கொடுக்கும் வழக்கத்தை அமெரிக்காவில் தொடங்கிவைத்தது. பிரிட்டனில் 1903-ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டம் 1904 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து என்ற அந்நாட்டு வழக்கமே இந்தியாவுக்கும் வந்து, ஏறத்தாழ நூறாண்டுகள் நம் சொந்த வண்டிகளின் அடையாளமாக இருந்தது. வாடகை வண்டிகளுக்கு வெள்ளையில் கறுப்பு. 2000-களின் தொடக்கத்தில்தான் சொந்த வண்டிக்கு வெள்ளைப் பின்னணியும் வாடகை வண்டிக்கு மஞ்சள் பின்னணியும் என்று மாறிற்று.

என்னிடம் இருக்கும் பலகைகளில் எனக்கு மிகவும் நெருக்கமானவை சென்னை மாகாணக் காலத்து எம்எஸ் வரிசைப் பலகைகள். 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி மாகாணங்களுக்கு எழுத்துத் தொகுதிகள் பிரித்துக் கொடுக்கப்பட்டபோது, சென்னைக்கு எம்டி, எம்எஸ் என்ற இரண்டு தொகுதிகள் கிடைத்தன, மைசூருக்கு எம்ஒய். மூன்று எழுத்து, அதிகம் போனால் நான்கு எண், அவ்வளவுதான். எம்எஸ்ஒய் என்று தொடங்கும் ஒரு பலகையைக் கையில் எடுத்தாலே அது எந்த ஊர் வண்டி, ஏறத்தாழ எந்தக் காலத்தது என்று பழகியவர்கள் சொல்லிவிடுவார்கள். மாநிலத்தின் பெயர் 1969-இல் தமிழ்நாடு என்று மாறிய பின்னர் டி எழுத்தில் தொடங்கும் வரிசைகள் வந்தன. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்ததும், இன்று நாம் பார்க்கும் மாநிலக் குறி, வட்டார அலுவலக எண், வரிசை எழுத்து, நான்கு இலக்கம் என்ற அமைப்பு நாடு முழுவதற்கும் பொதுவாயிற்று. டிஎன் 58 என்றால் மதுரை, டிஎன் 72 என்றால் திருநெல்வேலி, டிஎன் 43 என்றால் நீலகிரி என்று பேருந்து நிலையத்தில் நின்றபடியே ஊரைச் சொல்லும் பழக்கம் நம்மில் பலருக்கு அந்த அமைப்பு தந்தது. அரசுப் பேருந்தின் எண்ணில் 'என்' என்ற ஆங்கில எழுத்தும் அரசு வாகனத்தின் எண்ணில் 'ஜி' எழுத்தும் வருவதைக் கவனித்திருப்பீர்கள். வரிசை எழுத்துகளில் ஐ, ஓ ஆகிய இரண்டையும் ஒதுக்கிவிட்டதும் நல்ல முடிவு. அவை ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும்.

எண்ணின் அமைப்பு நாடு முழுக்க ஒன்றானதே தவிர, அதை எழுதிய கைகள் ஒன்றாகவில்லை. பலகை எழுதுவது அன்று ஒவ்வொரு ஊரிலும் இருந்த பெயின்டரின் வேலை. என்னிடமுள்ள ஒரு பலகையில் மேற்பூச்சு உரிந்த இடத்தில், எழுத்தின் உயரத்தை நிறுத்துவதற்காக அவர் போட்ட இரண்டு பென்சில் கோடுகள் இன்னும் தெரிகின்றன. எட்டு என்ற எண்ணின் மேல் வட்டத்தைக் கீழ் வட்டத்தைவிடச் சற்றுச் சிறிதாக வைத்திருக்கிறார். அப்படி வைத்தால்தான் தூரத்திலிருந்து பார்க்கும்போது எண் தலைகீழாகக் கவிழ்வதுபோல் தோன்றாது. அச்செழுத்து வடிவமைப்பவர்கள் பாடமாகப் படிப்பதை அவர் கைப்பழக்கத்தில் செய்திருக்கிறார். பின்னர் ரேடியம் ஸ்டிக்கர் கடைகள் வந்தன. வேலை வேகமாயிற்று, விலை குறைந்தது, எழுத்தின் தரமும் அதோடு குறைந்தது. 8055 என்ற எண்ணை ஆங்கிலத்தில் 'பாஸ்' என்று படிக்கும்படி வளைத்து எழுதுவது, எண்ணுக்கு மேல் நடிகர் படத்தையும் கட்சிக் கொடியையும் ஒட்டி எண்ணை ஒரு மூலைக்குத் தள்ளுவது, பலகையின் பாதியைத் தொழிலின் பெயருக்குக் கொடுத்துவிடுவது என்று, எண்ணைக் காட்டுவதற்கான பலகை எண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காட்டத் தொடங்கியது. விபத்து நடத்திவிட்டு நிற்காமல் போகும் வண்டியின் எண்ணைச் சாலையோரத்தில் நிற்பவரால் படிக்க முடியாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எச்எஸ்ஆர்பி சிறந்து விளங்குவது இந்த இடத்தில்தான். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 51-ஆவது விதி, கார் பலகையில் எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர், தடிமன் 10, இடைவெளி 10 என்று வரையறுக்கிறது. இருசக்கர வண்டியின் பின்பலகையில் எழுத்து 35, எண் 40 மில்லிமீட்டர், முன்பலகையில் 30. இந்த அளவுகளைக் கையால் எழுதிய காலத்தில் எவரும் பொருட்படுத்தவில்லை. பலகை அச்சில் அடிக்கப்பட்டு வரும்போது அளவை மீற வழியே இல்லை. இரவில் என் காருக்குப் பின்னால் வரும் வண்டியின் விளக்கொளி பட்டதும் எண் முழுவதும் துலக்கமாகத் தெரிகிறது என்று பின்தொடர்ந்து வந்த நண்பர்கள் சொன்னார்கள். நானும் மற்ற வண்டிகளில் அதைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். மழைநாளில் பழைய ஸ்டிக்கர் பலகைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இன்னும் கூடுதலாகத் தெரியும்.

எழுத்தின் வடிவத்தில் மட்டும் எனக்கு ஒரு குறை உண்டு. ஜெர்மனியில் 1970-களில் தீவிரவாதக் குழுக்கள் கறுப்பு நாடாவை ஒட்டி எண்களைத் திருத்தி ஓட்டிய அனுபவத்துக்குப் பின், திருத்த முடியாத ஓர் எழுத்துருவை உருவாக்கும் முயற்சி தொடங்கியது. கார்ல்கியோர்க் ஹோஃபர் என்ற எழுத்துக் கலைஞர் அதில் முதன்மையான பங்கு வகித்தார். அந்த எழுத்துருவில் மூன்றை எட்டாக்கவோ பி எழுத்தை ஆர் ஆக்கவோ ஒரு துண்டு நாடா போதாது. ஒவ்வோர் எழுத்தின் உடலும் மற்றதிலிருந்து வேண்டுமென்றே மாறுபட்டிருக்கும். 2000-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் புதிய பலகைகளுக்கு அது கட்டாயம். நம் பலகையிலோ எழுத்துகள் வழக்கமான நேர் எழுத்துகள். தகடு, படலம், ஹாலோகிராம், லேசர் என்று பாதுகாப்புக்காக இத்தனை சேர்த்தவர்கள், தூரத்திலிருந்து படிக்கும் கேமராவும் மனிதக் கண்ணும் நேரடியாகச் சந்திக்கும் எழுத்தின் வடிவத்தில் அந்த அக்கறையைக் காட்டவில்லை. சுங்கச் சாவடியிலும் சிக்னலிலும் கேமராக்கள் எண்ணைப் படிக்கும் இக்காலத்தில் ஹாலோகிராமைவிட எழுத்துருவே பெரிய பாதுகாப்பு என்பது என் கருத்து.

இந்தப் பலகை நம் கைக்கு வந்து சேர்ந்த கதையும் நீளமானது. விதி அறிவிக்கப்பட்டது 2001-இல். பலகை செய்து தருவதற்கான ஒப்பந்த முறையை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004 நவம்பர் 30 அன்று அரசின் முறையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. அதன்பிறகும் மாநிலங்கள் ஒப்பந்தம் கோருவதிலேயே ஆண்டுகளைக் கழித்தன. 2011-லும் 2012-லும் நீதிமன்றம் மீண்டும் கெடு விதிக்க வேண்டியிருந்தது. கடைசியில் 2018 டிசம்பர் 4 அறிவிக்கை இந்தப் பொறுப்பை வண்டித் தயாரிப்பாளர்களிடம் ஒப்படைத்து, 2019 ஏப்ரல் 1 முதல் தயாராகும் வண்டிகள் பலகையோடுதான் விற்பனையாக வேண்டும் என்று சொன்ன பிறகே காரியம் நடந்தது. என் காருக்கான பலகை அப்படி வந்ததுதான். வண்டியை எடுக்கும் நாளில் எல்லாம் முடிந்திருந்தது. நான் எதற்கும் அலையவில்லை.

பழைய வண்டிக்கு வாங்குவது அப்படி இல்லை. கர்நாடகம் 2019 ஏப்ரலுக்கு முன் பதிவான வண்டிகளுக்கும் பலகையைக் கட்டாயமாக்கி, 2023 நவம்பர் 17 என்று முதலில் கெடு வைத்து, பின் அதை நீட்டித்துக்கொண்டே போனது. பதிவு செய்யும் முறை எளிமையானதுதான். மாநிலப் போக்குவரத்துத் துறையின் தளத்திலிருந்து வண்டித் தயாரிப்பாளரைத் தேர்ந்தெடுத்து, பதிவெண், சேஸிஸ் எண், என்ஜின் எண் ஆகியவற்றை ஆர்சி புத்தகத்தில் உள்ளபடி கொடுத்து, பொருத்தும் இடத்தையும் நாளையும் குறித்துக்கொண்டு, பணத்தை இணையத்திலேயே கட்டிவிடலாம். ஸ்கூட்டருக்கு ஐந்நூறு ரூபாய்க்கும் குறைவாகத்தான் ஆயிற்று. இந்தப் பொருளுக்கு அது நியாயமான விலை. தேடுபொறியில் முதலில் வரும் தளத்தில் பணம் கட்டிவிடாதீர்கள் என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அரசுத் தளத்தைப்போலவே தோற்றமளிக்கும் போலித் தளங்கள் உண்டு. போக்குவரத்துத் துறையின் தளத்துக்குப் போய் அங்கிருந்து உள்ளே செல்வதே பாதுகாப்பான வழி.

பொருத்திக்கொண்ட இடத்தில்தான் எனக்கு மனம் நொந்தது. மையத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. தனி ஒருவரின் குறையாகவும் அதை நான் பார்க்கவில்லை. பலகை வண்டியின் உடம்போடு பொருந்துகிறதா என்று வைத்துப் பார்க்காமலேயே, பலகையை வண்டியோடு பூட்டும் ஆணியான பூட்டாணியை அடிக்கத் தொடங்கினார்கள். ஸ்கூட்டரின் முன்பக்கத்துக்கு விதிப்படியான பலகை 285 மில்லிமீட்டர் அகலமும் 45 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட மெல்லிய பட்டை. என் ஸ்கூட்டரின் முன்முகமோ வளைந்தது. நேர்ப்பட்டையை வளைவின் மேல் வைத்து இரண்டு முனைகளையும் இறுக்கியபோது, நடுவில் இடைவெளி விழுந்து தகடு வில்போல் விறைத்துக்கொண்டது. ஒரு சிறிய ரப்பர் துண்டை இடையில் வைத்திருந்தால் போதும். கேட்டதற்கு, பூட்டாணி ஒருமுறை அடித்துவிட்டால் கழற்ற முடியாது என்ற பதில்தான் வந்தது. அது உண்மையும்கூட, கழற்றினால் உடைந்துபோகும்படி செய்யப்பட்ட பூட்டாணி அது, அதன் பயனே அதில்தான் இருக்கிறது. அதனாலேயே அடிப்பதற்கு முன் ஒரு நிமிடம் நின்று பார்க்கும் பழக்கம் பொருத்துகிறவருக்கு இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் சில மாதங்களிலேயே மண் சேர்ந்து, குண்டும் குழியுமான சாலையில் தகடு அதிரும் ஓசை கேட்கத் தொடங்கியது.

பொருத்தப் போகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஒரு வேண்டுகோள். பலகையைக் கையில் வாங்கி, எண்ணை ஆர்சியோடு ஒப்பிட்டு, முன்பலகையும் பின்பலகையும் வெவ்வேறு லேசர் குறிகள் கொண்டவையா என்று பார்த்து, வண்டியின் மேல் வைத்து இடைவெளியைக் கண்ட பிறகே பூட்டாணியை அடிக்கச் சொல்லுங்கள். கார் என்றால் முன்கண்ணாடியின் உட்புறம் இடது மேல் மூலையில் ஒட்டும் மூன்றாவது அடையாளமான ஸ்டிக்கரையும் கேட்டு வாங்குங்கள். பெட்ரோல், சிஎன்ஜி வண்டிக்கு இளநீலம், டீசலுக்கு ஆரஞ்சு. எரிபொருள் மாறி ஒட்டிவிட்டால் உரித்து மறுபடி ஒட்ட இயலாது, உரிக்கும்போதே அது சிதைந்துவிடும்.

உழைப்பைப் பற்றி என்னால் கார் பலகையை வைத்தே சொல்ல முடியும். தகடு துருப்பிடிக்கவில்லை, பிரதிபலிப்புத் தாள் மங்கவில்லை, ஹாலோகிராம் அசையவில்லை. எழுத்தின் விளிம்புகளில் மட்டும், குறிப்பாகப் புடைப்பு கூர்மையாகத் திரும்பும் இடங்களில், கறுப்புப் படலம் மெல்லத் தேய்ந்து வெள்ளை எட்டிப்பார்க்கிறது. உயர் அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் நிலையங்களுக்கு அடிக்கடி போனதே காரணம் என்று ஊகிக்கிறேன். இப்போது மெல்லிய துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்; தேய்மானம் அதன்பின் கூடவில்லை. 2001-ஆம் ஆண்டின் விதியே குறைந்தது ஐந்தாண்டுகளுக்குப் பலகை பழுதுபடாமல் இருக்க வேண்டும் என்கிறது. எனவே படலம் தானாகவே உரிந்தால் பணம் கட்டிய ரசீதோடு போய்க் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நீங்களே கறுப்பு பெயின்டைத் தொட்டுவைக்காதீர்கள். படலத்தில் உள்ள 'இந்தியா' எழுத்து மறைந்தால் அசல் பலகையே போலிபோல் தோன்றிவிடும்.

போலிகளும் சந்தையில் இருக்கின்றன. சில ஸ்டிக்கர் கடைகளில் ஐஎன்டி எழுத்தும் சக்கரமும் அச்சிட்ட தாளை ஒட்டி, பார்வைக்கு எச்எஸ்ஆர்பி போலவே செய்து கொடுக்கிறார்கள். அசலில் சக்கரம் தாளோடு ஒன்றாக முத்திரையிடப்பட்டிருக்கும். விரல் நகத்தால் வருடினால் ஸ்டிக்கரின் விளிம்பு தட்டுப்படாது. லேசர் குறி போலியில் பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் சாதாரண அச்சாக இருக்கும். விலை சற்றுக் குறைவு, உடனே கிடைக்கும் என்பதற்காக அதை வாங்குவது பணத்துக்கும் நட்டம், சட்டத்துக்கும் புறம்பு.

இனி, கழற்றப்பட்ட பலகைகள். புதிய பலகையைப் பொருத்தும்போது பழையதை அழித்துவிட வேண்டும் என்பதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஒரே எண்ணில் இரண்டு பலகைகள் வெளியே உலவினால் இந்த ஏற்பாடு முழுவதும் பொருளற்றதாகிவிடும். என் ஸ்கூட்டரின் பழைய பலகையை அவர்கள் குறுக்கே வெட்டியபோது நான் தடுக்கவில்லை. வெட்டிய துண்டுகளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். பலருக்கு அப்படிக் கேட்கலாம் என்றே தோன்றுவதில்லை. அந்தத் துண்டுகள் ஒரு மூட்டையில் சேர்ந்து காயலான் கடைக்குப் போய் எடைக்கு விற்கப்பட்டு உருக்கப்படுகின்றன.

நம் நாட்டில் நம்பர் பிளேட் சேகரிப்பு பெரிதாக வளராததற்குக் காரணம் ஆர்வம் இல்லாதது அன்று. அமெரிக்க மாநிலங்கள் பல்லாண்டுக் காலம் ஆண்டுதோறும் புதிய பலகையை வழங்கின. போன ஆண்டின் பலகை வீட்டுக் கொட்டகையின் சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டது. அப்படிச் சேர்ந்த குவியலிலிருந்துதான் சேகரிப்பு ஒரு துறையாக எழுந்தது. 1954-இல் அங்கே தொடங்கப்பட்ட பலகைச் சேகரிப்பாளர்களின் சங்கம் இன்றும் ஆண்டு மாநாடு நடத்துகிறது. அங்கே பலகையைப் பார்த்தே வரலாற்றைப் படிக்கலாம். 1928-இல் ஐடஹோ மாநிலம் தன் உருளைக்கிழங்கின் படத்தைப் பலகையில் அச்சிட்டது. இரண்டாம் உலகப் போரில் எஃகுக்குத் தட்டுப்பாடு வந்தபோது இல்லினாய் மாநிலம் 1943 முதல் 1948 வரை சோயா நார் அட்டையில் பலகை செய்தது. அவற்றைக் கால்நடைகள் மென்று தின்றதும் உண்டு. அதனால் தப்பிப் பிழைத்த அட்டைப் பலகைகளைச் சேகரிப்பாளர்கள் இன்று தேடித் தேடி வாங்குகிறார்கள். கனடாவின் வடமேற்குப் பகுதி 1970 முதல் பனிக்கரடி வடிவத்திலேயே தகட்டை வெட்டிக் கொடுத்தது.

இந்தியாவில் பலகை வண்டியோடு பிறந்து வண்டியோடு முடிகிறது. முப்பது ஆண்டுகள் ஓடிய வண்டிக்கும் முன்னும் பின்னுமாக இரண்டே பலகைகள். சென்னைப் புதுப்பேட்டையிலும் பெங்களூர் ஜேசி சாலையிலும் பழைய உதிரிப்பாகம் விற்கும் கடைகளில் நான் தேடும்போது, கதவும் பம்பரும் கிடைக்கும் அளவுக்குப் பலகை கிடைப்பதில்லை. கிடைப்பவற்றிலும் பல, வேறெதற்கோ தகடாகப் பயன்பட்டு ஆணித் துளைகளோடு வருகின்றன. அவற்றை நான் சாயம் பூசிப் புதுப்பிப்பதில்லை. மண்ணை மட்டும் மெல்லிய சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, துரு பரவாமல் இருக்கச் சிறிதளவு எண்ணெய் தடவிவைப்பதோடு சரி. பெயின்டரின் தூரிகைத் தடம் மேலே உள்ள பூச்சில்தான் இருக்கிறது; அதன் மேல் புதுப்பூச்சு ஏற்றினால் மிஞ்சுவது வெறும் இரும்பு. எச்எஸ்ஆர்பிக்கு மாறும் ஒவ்வொரு பழைய வண்டியும் இந்தச் சிறிய இருப்பையும் குறைக்கிறது. அழித்துவிட்டதாகப் பதிவேட்டில் குறித்து, துளையிட்டோ வெட்டியோ செல்லாததாக்கிய பலகையை உரிமையாளர் கேட்டால் கொடுத்துவிடலாம் என்று ஒரு வரி விதியில் இருந்தால், பாதுகாப்புக்கும் குந்தகம் இல்லை, நினைவுப் பொருளும் தப்பும்.

பழம்பெரும் வண்டிகளுக்கும் ஒரு வழி வேண்டும். 2021 ஜூலையில் வந்த விதித் திருத்தம், ஐம்பது ஆண்டுகளைக் கடந்த, மூல வடிவம் மாறாத சொந்த வண்டிகளை விண்டேஜ் வண்டி என்று ஏற்று, புதிதாகப் பதிவாகும்போது மாநிலக் குறிக்குப் பின் விஏ என்ற எழுத்துகளோடு கூடிய தனி வரிசையை வகுத்தது. ஏற்கெனவே பதிவெண் உள்ளவை தம் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. எண்ணைக் காப்பாற்றிய அந்த நல்ல முடிவு பலகையின் நிறம் வரை நீள வேண்டும் என்பதே என் விருப்பம். பிரிட்டனில் 1980 ஜனவரி 1-க்கு முன் தயாரான, வரலாற்று வண்டி என்று பதிவான வாகனங்கள் இன்றும் கறுப்புப் பலகையில் வெள்ளி எழுத்தோடு சட்டப்படியே ஓடுகின்றன. எம்எஸ்ஒய் எண்ணோடு கண்காட்சிக்கு வரும் ஒரு பழைய ஃபியட்டுக்கு அதே உரிமையைக் கொடுப்பதால் எந்தக் குற்றவாளியும் பயனடையப்போவதில்லை.

அப்படி ஒரு விதி வரும்வரை, பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பலகையைக் கழற்றக் கொடுப்பதற்கு முன் நேர் எதிரே நின்று, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, நல்ல பகல் வெளிச்சத்தில் முன்பலகையையும் பின்பலகையையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதிய பெயின்டரின் பெயரோ கடையின் பெயரோ பலகையின் அடிவிளிம்பில் சிறிய எழுத்தில் இருக்கக்கூடும். அதையும் தனியாகப் படம் எடுங்கள். பிறகு தயங்காமல் எச்எஸ்ஆர்பியைப் பொருத்திக்கொள்ளுங்கள். பலகைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு, பொருத்தும் சேவைக்கு இரண்டு.